கெண்டைக் குஞ்சுகளின் காவலர்

அன்றைக்கும் இரண்டு பிணங்கள். மாதேஸ்வரன் நாலு பக்கமும் சுற்றிவந்து செல்போனில் படம் பிடித்தார். பிறகு இரண்டையும் ஒரு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டார்.

இரண்டும் கெண்டைக் குஞ்சுகள். நல்லம்பள்ளிப் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ மில்லில் அவர் வாட்ச்மேன். மரவள்ளிக் கிழங்கு கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் ஓடையில் விட வேண்டும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிடித்து, கேட் ஓரம் ஒரு சின்ன சிமெண்டுத் தொட்டியில் மீன் விட்டிருந்தார்கள். இதில் பிழைத்தால் ஓடையிலும் பிழைக்கும். ஆனால் தினமும் ஒன்றிரண்டு செத்து மிதந்தன.

முதலாளி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்பது மாதேஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. பாவம், வாயில்லா ஜீவன். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடம் தொட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் அவர் தன் வீட்டுக்கே பிடிப்பார்.

"ஓடையில மீனு நல்லாத்தானே இருக்குது? நேத்துகூட எங்கூட்டுக்காரரு நாலு கெண்ட புடிச்சாந்தாரு" என்றாள் கிழங்குத் தோல் உரிக்கும் செல்லி.

"உனக்கு சயின்ஸ் தெரியாது செல்லி" என்றார், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தாறு வாங்கிய மாதேஸ்வரன்.

கலெக்டர் ஆபீசுக்கு நாலு பக்க மனு போனது. பெயர் போடாத மனுதான். ஆனால் எழுதியது யாரென்று அன்று சாயங்காலமே டீக்கடையில் அவரே சொல்லிவிட்டார். குடியரசு தினத்தன்று சால்வை போர்த்தும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி சுகுணா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். முடிவு தெரியும்வரை மில் ஓடக்கூடாது என்றார். தொட்டியைக் காலி செய்து, மில்லில் சுத்தம் செய்த தண்ணீரையே மறுபடி நிரப்பினார். இருபது குஞ்சுகளை விட்டு, மேலே கம்பி வலை போட்டு சீல் வைத்தார்.

"பத்து நாளைக்கு யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்."

அந்தப் பத்து நாளும் நாற்பது பெண்களுக்கு வேலையில்லை. அவர்களில் மாதேஸ்வரனின் மனைவி கோவிந்தம்மாளும் ஒருத்தி. அவள் களியைத் தட்டில் வைத்த வேகத்தில் குழம்பு சட்டையில் தெறித்தது. நியாயத்துக்காக நிற்பவனுக்கு இதெல்லாம் வரும்தான் என்று துடைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் மில் வாசலில் ஊரே கூடியது. மாதேஸ்வரன் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் நின்றார். சுகுணா மேடம் சீலை உடைத்து வலையைத் தூக்கினார்.

இருபதும் துள்ளின. ஒன்று எகிறி மாதேஸ்வரன் சட்டையிலேயே தண்ணீர் அடித்தது.

"தண்ணில குத்தமில்ல. நாளைலர்ந்து மில்ல ஓட்டலாம்" என்றார் மேடம். பெண்கள் கை தட்டினார்கள். கோவிந்தம்மாள் மட்டும் புருஷனைப் பார்த்த பார்வையை மாற்றவில்லை.

மாதேஸ்வரன் தொட்டிக்குள் குனிந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "அதெப்படிங்க மேடம்? என் கண்ணால பாத்தங்க, தெனமும் செத்துச்சுங்க. நானு பாவம் பாத்து ரெண்டு கொடம் ஊத்தலைன்னா எல்லாமே போயிருக்குங்க. இந்தப் பத்து நாளா அதுகூட ஊத்த முடியலைங்க."

மேடம் சட்டென்று திரும்பினார். "என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"சுத்தமான தண்ணிங்க. பஞ்சாயத்து டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டு வர்றதுங்க. கொடத்தத் தொறந்தாலே மருந்து வாடை கும்முனு அடிக்கும்!"

சுகுணா மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"அண்ணா, அந்த மருந்துதான் மீனைக் கொன்னுது."