இரண்டு பக்கமும் ஆமாம்

எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவரையும் கீழே இருவரையும் மட்டும்தான் தெரியும். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போலீசிடம் பிடிபட்டார்கள். எனக்கு மேலே இருந்த அருளப்பன் கூப்பிட்டார்.

"பிடிபட்டவங்க உன் ஆளுங்க பக்கமான்னு கேளு. அவங்களும் கீழே கேட்கட்டும். எவனுக்கு ரெண்டு பக்கமிருந்தும் ஆமான்னு வருதோ, ரெண்டு கிளையும் சேர்ற இடம் அவன்தான், அவன்தான் காட்டிக்கொடுத்தவன்."

மதியம் எனக்குக் கீழே இருந்த இருவரில் தவமணி வந்தாள். "ஒருத்தன் என் பக்கம்தாண்ணே." அப்படியென்றால் பிடிபட்ட மற்றவன் அருளப்பனின் இன்னொரு ஆளின் பக்கம், துரோகி அருளப்பனேதான் என்று நினைத்தேன். மாலையில் எனக்குக் கீழே இருந்த இன்னொருவன் குழந்தைசாமி வந்தான்.

"என் பக்கமும் ஒருத்தன்ணே."

அருளப்பன் கணக்குப்படி துரோகி நான்தான். ஆனால் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அருளப்பனிடம் போய், என் பக்கம் ஒருத்தன்தான் என்று ஒரு விரலை மட்டும் காட்டினேன்.

அவர் அந்த விரலையே பார்த்தார். "எனக்குக் கீழே இருக்கற இன்னொருத்தன் பக்கம் யாருமில்லைன்னு காலையிலேயே சேதி வந்துடுச்சு. அப்ப இன்னொருத்தன் யார் பக்கம்டா?"