மூன்றாம் வரிசையில் ஒரு மைக்

படத்தின் பின்னணி இசையைப் பதிவு செய்தபோது கூடத்தில் இருந்தது ஒரே மைக்தான். இப்போது ஒலிக்கலவை செய்யும் முபாரக், மென்பொருளில் நினைத்த இடத்திலெல்லாம் மைக் வைக்கிறார்; அந்த இடத்தில் என்ன கேட்டிருக்கும் என்பதை அது கணித்துத் தரும். மூன்றாம் வரிசையில் வைத்ததும், வயலின்கள் ஓய்ந்த இடைவெளியில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. “திருட்டு மெட்டுடி இது.”

இசையமைப்பாளர் அந்த வரிசையில் வயலின் வாசித்த பெனிட்டாவை வரவழைத்து, அதைப் போட்டுக் காட்டினார்.

“உன் குரல்தானே? இனிமே நீ வர வேணாம்.”

“அங்க மைக்கே இல்லியே சார். மெஷினே இட்டுக்கட்டியிருக்கும்.”

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“அப்படியா? முபாரக்கண்ணா, அன்னிக்கு சார் கதவோரமா நின்னு போன் பேசுனாரே, அங்கயும் ஒண்ணு வைங்க.”

முபாரக் மவுஸை நகர்த்தினார். இசையமைப்பாளர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

“காலைல ரெக்கார்டிங் இருக்கு பெனிட்டா. நேரத்துக்கு வந்துடும்மா.”