சால்னா அண்ணாச்சியின் வீரம்

"பயமா? எனக்கா? ஒரு கல்யாண மண்டபத்தையே ஒத்தை ஆளா படுக்கப் போட்டவன்யா நான்!"ன்னாரு அண்ணாச்சி.

அவரு பழைய சால்னாவுல பொறந்த கிருமி. கெட்டுப்போன சாப்பாட்டால நோய் எப்படி வருதுன்னு பாக்க, டாக்டர் யசோதரா ஒரு கண்ணாடித் தட்டுல மனுசக் குடல் துணுக்கை வெச்சு, அதுக்கு முன்னால அவரைத் தனியா விட்டிருந்தாங்க. பக்கத்துத் தட்டுல இருந்த தயிர்க் கிருமிதான் கேள்வி கேட்டது.

"அப்புறம் ஏன் அண்ணாச்சி காலையிலேர்ந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"வீரனுக்கு நிதானம் வேணும்யா."

சொன்னாரே தவிர, அடிக்கடி திரும்பிப் பாத்து, "டேய், நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு மெதுவா குரல் கொடுத்தாரு. தட்டுல அவரு ஒருத்தர்தான். உடனே குடல் துணுக்குகிட்ட, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"ன்னு விசாரிச்சாரு.

டாக்டர் குனிஞ்சு பாத்தாங்க. "இது விஷமே கக்கலையே. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லேன்னா குக்கர்ல போட்டு அவிச்சிடலாம்."

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. வேற வழியில்லாம ரெண்டாப் பிரிஞ்சாரு, நாலாப் பிரிஞ்சாரு. பொழுது சாயறதுக்குள்ள தட்டு முழுக்க சொந்தக்காரங்க.

"அண்ணாச்சி, எல்லாரும் வந்துட்டோம், வாங்க!"ன்னு கூட்டம் கூப்பிட்டுச்சு.

"இப்பப் பாருய்யா என் தைரியத்தை!"ன்னு தயிர்க் கிருமிகிட்ட சொல்லிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டி, கூட்டத்துக்கு நட்டநடுவுல பத்திரமா புகுந்துக்கிட்டு, "எவன்டா அங்க?"ன்னு குடல் துணுக்கைப் பாத்து உறுமிக்கிட்டே போனாரு.