மூன்று நிமிடம் நாற்பது நொடி

கேமரா திரையின் மூலையில் மணி 1:22:40 ஆனபோது ஹேமாவதியின் போனில் 1:16:00.

ஆறு நிமிடம் நாற்பது நொடி. கேமரா அவ்வளவு முந்தி ஓடுகிறது. போன வியாழக்கிழமை ஆறு நிமிடம் இருபத்தாறு நொடி.

உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அயனம்பாக்கம் குடோன் வாசலில் வாட்ச்மேன் அறை அது. ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், கேமரா படம் பதிவாகும் பெட்டி. ஐந்து வாரமாக வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து, செயற்கைக்கோள் மணியை நொடி பிசகாமல் காட்டும் செயலியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் திரையை வெறிக்கிறாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே ஆபீசுக்குத் திரும்பிப் போகும்.

வாட்ச்மேன் வேலுசாமி இன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "நான் வந்து ஒரு வருசமா இந்தப் பொட்டில ஒர்த்தரும் கை வைக்கலம்மா. வாரம் தவறாம வந்து இன்னாதான் பாத்துகினு கீற?"

எங்கே ஆரம்பித்துச் சொல்வது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டேட்டா சென்டரில் அவளுக்கு வேலை. அங்கே நானூறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் சொல்லும் மணி, மொட்டைமாடி ஆன்டெனா வழியாக இறங்கி வரும். நானூறும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி, அதில் இரண்டு துண்டு பிசகினாலும் மேலிடத்தில் தலையை உருட்டுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு கேமரா மணி மேல் சந்தேகம் வர இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

தொண்ணூறு நாளைக்கு முன்னால் இந்த குடோனுக்கு எதிரேதான் பைக்கில் வந்த அவள் புருஷன் ஜெகனை லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது. கேமராவில் பதிவானது அந்த மோதல் மட்டும்தான். வரிசையாக நின்ற கன்டெய்னர்களுக்கு அந்தப் பக்கம் பைக்கோடு போய் விழுந்துவிட்டான். படத்தில் அதற்கப்புறம் வெறும் ரோடு. கால் மணி நேரம் கழித்து ஒரு கிளீனர் பார்த்தபோது உயிர் இல்லை. கையில் போன் இருந்தது.

கேமராவில் மோதிய நேரம் சரியாகப் பதினொன்று ஏழு. ஹேமாவதி ஆபீசிலிருந்து அவனுக்குப் போன் போட்டது சரியாகப் பதினொன்று நாலு. பேச்சு முடிந்தது பதினொன்று ஏழு.

போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினான் என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

கருமாதியன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நாத்தனார் தாட்சாயிணி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள், பொண்டாட்டியின் வாய் ஓயாததால்தான் தம்பி போய்ச் சேர்ந்தான் என்று. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

ஹேமாவதியும்தான். அவளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து திருமுல்லைவாயில் வீட்டில் ஒற்றை ஆளுக்கு அரிசி களைகிறாள். டிவியை ஓடவிட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளாக யாருக்கும் போன் போடுவதே இல்லை. எடுக்கிறவர் அந்த நேரம் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருப்பாரோ என்று பயம்.

போன் கம்பெனியின் மணி செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அதில் தப்பு வராது. இந்தக் கேமரா பெட்டிக்கு மணி சொல்ல ஆள் கிடையாது. மாட்டிய அன்றைக்கு யாரோ வைத்துவிட்டுப் போனதோடு சரி, பிறகு அது தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது.

எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் கேள்வி. வாரத்துக்குப் பதினாலு நொடி. நாளுக்கு இரண்டு. ஐந்து வாரமும் அதில் மாற்றமே இல்லை.

தொண்ணூறு நாளைக்கு நூற்றெண்பது நொடி, அதாவது மூன்று நிமிடம். இன்றைய ஆறு நாற்பதில் மூன்றைக் கழித்தாள்.

மூன்று நிமிடம் நாற்பது நொடி. அன்றைக்கே கேமரா அவ்வளவு முந்தி இருந்திருக்கிறது.

அப்படியானால் லாரி மோதியது பதினொன்று ஏழுக்கு இல்லை. பதினொன்று மூன்று இருபதுக்கு. அவள் போன் போடுவதற்கு நாற்பது நொடி முன்னால்.

நம்பாமல் போனிலும் ஒருமுறை கழித்துப் பார்த்தாள். அதேதான் வந்தது.

"நான் இல்ல," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். வேலுசாமி திரும்பிப் பார்த்தார். தொண்ணூறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இப்போதே தாட்சாயிணிக்குச் சொல்லியாக வேண்டும். தானாக ஒருத்தருக்குப் போன் போட இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கை போனது.

பெயரைத் தேடி எடுத்த விரல் அப்படியே நின்றது.

நாற்பது நொடி முன்னால் என்றால், அன்றைக்கு அவள் கூப்பிட்டபோது ஜெகன் வண்டியில் இல்லை, அடிபட்டுக் கீழே கிடந்தான்.

மூன்று நிமிடமும் அவள்தான் பேசினாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணாமல் விட்டதற்குத் திட்டினாள். கீழ்வீட்டுக்காரி மோட்டார் போடவிடாததைச் சொன்னாள். அவன் ம் என்றான், ம் என்றான். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான். அதை அவள் போலீசிடமும் சொல்லவில்லை, தாட்சாயிணியிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. கொஞ்சுகிறான் என்றுதான் நினைத்தாள்.

"வெச்சிடாத ஹேமா. பேசிகினே இரு."

வேலை கிடக்கிறது, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே அவள்தான் வைத்தாள்.