கூடத் தள்ளியவர்

சப்போரோவிலிருந்து கிளம்பிய பழைய கார் நாள் முழுக்க முனகாமல் ஓடியது. ஜப்பானின் வடகோடி ஊரான வக்கனாயை நெருங்கும்போது பனிப்புயல் வந்து, பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. புகைக்குழாயைப் பனி மூடினால் உள்ளேயே மூச்சடைத்துச் சாகவேண்டியதுதான்.

மனைவி சயோகோ ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஹிரோமிச்சி இறங்கித் தள்ளினார். கால் வழுக்கி முகங்குப்புற விழுந்தார். அவர் எழுவதற்குள் கார் குலுங்கி மேலேறி நின்றது. ஓடிப்போய் முன்சீட்டில் ஏறினார்.

"நீங்க தள்ளின லட்சணத்துக்கு இங்கயே கெடந்திருப்போம். நல்லவேளை, அவரு விடாம தள்ளினாரு," என்றாள் சயோகோ.

"எவரு?"

பின்கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. ஹிரோமிச்சி திரும்பினார். பின்சீட்டில் யாருமில்லை. அதன்மேல் புதிதாகப் பனி உதிர்ந்திருந்தது.

சயோகோ பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்துத் தலைதாழ்த்தி வணங்கினாள்.

"கேளுங்க, அவரு எங்க இறங்கணுமாம்?"