பூனை மேல் பழி

"டாக்டர் பூனைதான்னு சொல்லிட்டா, சாயங்காலமே அது எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

டாக்டர் அறை வாசலில் கணவர் கிசுகிசுத்தபடியே இடது தோள்பட்டைக்குக் கீழே சீப்பை விட்டுச் சொறிந்துகொண்டார்.

மனைவி தலையாட்டினாள். அண்ணன் வீட்டில் இரண்டு நாய்கள்.

உள்ளே டாக்டரம்மா அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "தடிப்பு இல்ல, சொறி இல்ல. இருக்கிறதெல்லாம் நீங்க கீறினதுதான்."

"பூனை முடி, டாக்டர்" என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

"அது யார் மடியில உட்காரும்?"

"என் மடியிலதான்" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு அரிப்பும் கிடையாது."

அரிப்பு இடம் மாறுகிறதா? இல்லை, பல மாதங்களாக அதே உள்ளங்கை அகலம். அலர்ஜி மாத்திரை? தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. ஐஸ் வைத்தால்? அடங்குகிறது.

டாக்டரம்மா பஞ்சால் முதுகைத் தடவினார். வலது பக்கம் கூசியது. இடது பக்கம் அந்த ஓர் இடம் மட்டும் மரத்துக் கிடந்தது.

"இது தோல் அரிப்பு இல்ல, நரம்பு அரிப்பு. மேல எங்கேயோ நரம்பு நெருக்குப்படுது, இங்க அரிக்குது. பாவம், பூனை மேல பழி போடாதீங்க."

கணவரின் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி சிரிப்பை இருமலாக்கினாள்.

டாக்டரம்மா அவர் தலையைக் குனிய வைத்துப் பின்கழுத்தை அழுத்தினார். முகவாய் நெஞ்சில் புதைந்தது. வாயைத் திறக்க வழியில்லை.

"கழுத்து ஒரு பக்கமா இறுகிக் கிடக்கே. ராத்திரி எப்படிப் படுக்கிறார்?"

மனைவியின் இருமல் நின்றது.

அவருடைய தலையணையின் நட்டநடுவில் பூனை மகாராணி சுருண்டிருக்கும். அதை எழுப்பக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மிச்சமிருக்கும் மூலையில் தலையைச் செருகி, கழுத்தை ஒடித்துக்கொண்டு அவர் தூங்குவார்.

குனிந்த தலைக்குள்ளிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று உற்சாகமான முனகல் கிளம்பியது. கை வேறு காற்றில் வால் மாதிரி எதையோ வரைந்தது.

"இவருக்குச் சின்ன வயசிலேருந்தே தலையணை பழக்கம் இல்ல, டாக்டர்" என்றாள் அவள்.