வெந்நீர் தந்த கடவுள்

“ஆண்டவனே, தொண்டை கட்டியிருக்கு. குடிக்கிற தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்தா நல்லாருக்கும்.”

மேடைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு பாடகி வேண்டிக்கொண்டாள். மேடைக்கு வந்து பார்த்தால், மைக் ஸ்டாண்டுக்குக் கீழே ஃபிளாஸ்கில் வெந்நீர் இருந்தது.

இது புதிதில்லை. கண் கூசுகிறது என்று வேண்டினால் விளக்கு தணியும். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றால் அடுத்த பாட்டில் கணீரென்று கேட்கும். மழை வேண்டும், கூட்டம் வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்டதே இல்லை.

கம்பெனி, முதலாளி என்று யாரும் இல்லாமல், தாங்களே பாட்டெழுதி, தாங்களே வேன் ஓட்டி ஊர் ஊராகப் போகிற ராக் பேண்ட் அது. பாட்டில் பாதி கடவுளைப் பற்றி, மீதி காதலைப் பற்றி. டிரம்மர் இரண்டாவது பாதியை மட்டும் நம்புகிறவன். கடவுளாவது கத்திரிக்காயாவது என்று வேனில் தினமும் மல்லுக்கு நிற்பான். அப்படியென்றால் வெந்நீர் யார் வைத்தது என்று பாடகி கேட்டதிலிருந்து அவனும் லேசாக ஆட்டம் கண்டிருந்தான்.

வைத்தது சவுண்டுக்காரன். அவள் கையிலேயே வைத்திருக்கும் கம்பியில்லா மைக்கில் பேசுவதை அரங்குக்குப் போகாமல் அவன் நிறுத்தி வைத்தாலும், அவன் ஹெட்போனில் அது கேட்டுக்கொண்டேயிருக்கும். பேட்டரி வீணாகும் என்று பாட்டுக்குப் பாட்டு மைக்கை அணைக்கிறவள், வேண்டிக்கொள்ளும்போது மட்டும் மறந்துவிடுவாள். பக்தி முற்றினால் பேட்டரி ஞாபகம் இருக்காது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் முதலில் இருந்தான். அதற்குள் அவள்மேல் ஆசை வந்து தொலைத்துவிட்டது. போன வாரம் கல்யாணப் பேச்சை எடுத்தான். “கடவுள்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள் அவள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவள் திரைக்குப் பின்னால் போனாள். ஹெட்போனில் குரல் கேட்டது.

“ஆண்டவனே, சவுண்டுக்காரரை நான் கட்டிக்கலாமா? சரின்னா, இந்தப் பாட்டுல ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை கூய்னு கத்தணும்.”

அவன் உட்கார்ந்த இடத்தில் ஸ்பீக்கர் கத்தியதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் ஒரு பொத்தானைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும், கத்திவிடும். விரல் பொத்தான்வரை போய்விட்டது.

வெந்நீர் வைத்தது உபகாரம். கடவுள் பேரில் பெண் கேட்பது மோசடி. அப்புறம் ஆயுசுக்கும் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

வேண்டுமென்றால் நீயே கத்தவைத்துக்கொள் என்று மேலே பார்த்து முணுமுணுத்தான். மேலே மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு காதல் பாட்டு. அவள் மூச்சை இழுப்பதுகூடப் பின்வரிசைவரை தெளிவாகக் கேட்டது. ஸ்பீக்கர் ஒரு முனகல்கூட முனகவில்லை. தன் வேலைச் சுத்தத்தை அவன் வாழ்நாளில் முதல்முறையாகச் சபித்தான்.

“இன்னிக்கு சவுண்டு பிரமாதம்” என்று டிரம்மர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனான். அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் அவன் குனிந்து ஒயரைச் சுருட்டினான்.

பாடகி மேடையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தாள்.

“வீட்டுல வந்து பேசுங்க. எனக்குச் சம்மதம்.”

“ஸ்பீக்கர் கத்தவே இல்லையே?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நிதானமாக மைக்கைத் திருகித் திறந்து, பேட்டரியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்க கத்த வெச்சிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”